க.வாய் பரிசோதனை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அத்தான் எழுதுகிறேன். நலமா? பேச்சுக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும். உன் அக்கா போய் ஏழு வாரம் ஆகிறது. வேலைக்குப் போகிறேன், லிஃப்டுகளைச் சரிபார்க்கிறேன், திரும்பி வருகிறேன். அவளுடைய புடவைகளை உனக்கு பார்சலில் அனுப்பிவிட்டேன்.

"முன்னாடியே தெரியலையா அத்தான்?" என்று போனில் கேட்டாய். தெரிந்துகொண்டிருக்கலாம். மூன்று வருடம் முன்பு நர்ஸ் ஒருவர் வீடு வீடாகச் சீட்டு கொடுத்தார். முப்பது தாண்டிய பெண்களுக்கு 'க.வாய் பரிசோதனை' என்று இருந்தது. அது கர்ப்பப்பை வாய் என்று எங்களுக்குத் தெரியவில்லை. புகையிலை போடுகிறவர்கள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன். சர்க்யூட் படத்தில் ஒரு குறி புரியாவிட்டால் கை வைக்க மாட்டேன். அன்றைக்கு என்னமோ, யாரிடமும் கேட்காமல், "உன் வாய் கொஞ்சம் நீளம், அதுக்கு மருந்து கிடையாது" என்றேன். "கட்டிக்கிறப்போ தெரியலையாக்கும்" என்று சிரித்தாள். சீட்டின் பின்பக்கம் மளிகை எழுதினாள்.

அப்புறம் மாதவிலக்குக்கு நடுவிலும் ரத்தம் பட்டது. "சூடுதான், விடுங்க" என்றாள். விட்டுவிட்டேன். டாக்டரிடம் போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றியிருந்தது.

உனக்கும் வருமோ என்று உன் அம்மா பயப்படுகிறார். இது பரம்பரை நோய் இல்லை, ஒரு வைரஸ் என்று டாக்டர் சொன்னார். தாம்பத்தியத்தில் தொற்றுவது. நிறையப் பேருக்கு வந்து தானே போய்விடுமாம். சிலருக்கு மட்டும் தங்கி, பல வருடம் சத்தமில்லாமல் இருக்குமாம். "யார்கிட்டருந்து வந்துச்சுன்னு தேடாதீங்க" என்றார். தேடவில்லை. அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்கிறாய். நன்றாக ஓடுகிற லிஃப்டைத்தான் மாதாமாதம் நிறுத்திப் பார்க்கிறேன். உனக்கு முப்பத்திரண்டு ஆகிறது. பரிசோதனைக்குச் சில நிமிடம் போதும். ஆரம்ப மாற்றத்திலேயே பிடித்தால் புற்றாக மாறும் முன்பே எடுத்துவிடலாம். உன் பாப்பாவுக்குப் பத்து வயது, தடுப்பூசிக்கு ஏற்ற வயது. ஊசி போட்டாலும் பெரியவளான பிறகு அவளும் பரிசோதனைக்குப் போகவேண்டும். சகலை கூச்சப்பட்டால் நான் பேசுகிறேன். எனக்கு இனிமேல் கூச்சம் இல்லை.

போய்விட்டு வா, சிட்டு. நீ தலை நரைத்து, பல் விழுந்து, எல்லோரையும் திட்டிக்கொண்டு இருக்கவேண்டும். நீங்கள் இருவரும் ஒரே ஜாடை. வயதானால் அவள் எப்படி இருப்பாள் என்று உன்னைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியவேண்டும்.

உன் அத்தான்