மீன் தொட்டியில் போட்ட சோறு

கொழும்பு,
ஆவணி, 1946

என் வீட்டுக்காரவுகளுக்குத் தோத்திரம் சொல்லி ஞானப்பூ எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் சுகம். உங்க முட்டுவலி தேவலையா? நரிக்குடிப் பக்கம் மழை உண்டா? பேத்தி நடக்கிறாளா?

இங்கே டாக்டர் துரை வீட்டில், சமையல்கட்டை ஒட்டி ஒரு கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் நீலமுமாக மீன் வளர்க்கிறாக. தின்பதற்கில்லை, சும்மா பார்ப்பதற்கு. போன வாரம் அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லாம் வாயைத் திறந்து திறந்து என்னையே பார்த்ததுகள். பார்க்க வைத்து எப்படித் தின்பது? என் தட்டிலிருந்து ரெண்டு கை சோறு அள்ளிப் போட்டேன். விடிவதற்குள் தண்ணீர் நாறி, மூணு மீன் மல்லாந்துவிட்டது. துரைசாணி ஏசவில்லை. "ஆயா, பச்சை இறாலைப் பொடியாக நறுக்கி ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை போட்டால் போதும். மிச்சம் கிடந்தால் உடனே எடுத்துவிடு" என்றாக. வேலை போகவில்லை, கவலைப்படாதீக.

ஆனால் அந்தச் சிட்டிகையைப் போடும்போதெல்லாம் உங்க கஞ்சிக் கும்பாதான் கண்ணில் நிற்கிறது. கிறிஸ்மஸுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது மருமகள் சவுந்தரம் உங்களுக்கு அரை அகப்பை ஊற்றிவிட்டுப் பானையை மூடினாளே, அதைச் சாகிறவரை மறக்கமாட்டேன்.

யாராவது கப்பலேறினால் சோத்துக்குத் தொட்டுக்க மிதுக்கு வத்தல் கொஞ்சம் கொடுத்துவிடுங்க. வாய் செத்துப்போச்சு.

துரைசாணி கூப்பிடுறாக. உங்களுக்குக் கண் மங்கல், இதையும் மருமகள்தானே வாசித்துக் காட்டுவாள். சவுந்தரம், இந்த இடத்தை விடாமல் வாசி. அவுக கூச்சத்தில் போதும் என்று கையை மறிப்பாக. மறித்தாலும் ஊத்து, தாயி.