பெரட்டில் கூப்பிடாத பெயர்

1959 ஆகஸ்ட் 3

கணேசமூர்த்தி ஆகிய நான், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் பெரிய கிளாக்கர், வயது ஐம்பது, இக்குறிப்புகளை ஒரே நோக்கத்துடன் தொடங்குகிறேன்: கொழும்பில் தொழிற்சட்டம் மாறும்போதெல்லாம் இத்தோட்டமும் அதற்கேற்ப நடக்கிறதா என்று கவனித்து வைக்க. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எனக்கிட்ட பணி அது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் இப்போது தொழில் நியாயசபைக்குப் போகலாம். நிறுத்தியது நியாயமா என்று அங்கே கேட்பார்கள். இதைச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். துரை வாங்கி வைத்துக்கொண்டு, "வெரி குட், கிளாக்கர்" என்றார். வாசிப்பாரா?

ஆகஸ்ட் 11

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தகராறு. தொழிலாளி மாயாண்டி, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். தொழிற்சாலைக்குப் போகும் வழியில் நானே கண்டேன். துரை பத்துச்சீட்டு எழுதச் சொன்னார். அந்தச் சீட்டு வந்தால் வேலை போயிற்று. தோட்ட வழக்கப்படி புருஷன் பெயருக்குக் கீழே பெண்சாதி வேலாயியின் பெயரையும் எழுத வேண்டுமாம்.

"அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை, சேர். அவளுக்குத் தனிக் காரணம் வேண்டும்."

"புருஷன் போனா பொம்பளையும் போகும். எப்பவும் அப்பிடித்தானே?" இது துரையின் தோட்டத் தமிழ்.

மாயாண்டியின் பெயரை மட்டும் எழுதினேன். கையெழுத்திட்டார். பிறகு சிரித்தார். "சரி, அவளுக்குச் சீட்டு வேணாம். பெரட்டுல பேர் கூப்பிட வேணாம். தானாப் போகும்."

ஆகஸ்ட் 12

விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால்தான் அன்று வேலை. வேலாயி கூடையோடு நின்றாள். செல்லசாமி அவள் பெயரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பினார். அலுவலக ஜன்னலுக்கு எதிரேதான் களம், எல்லாம் கேட்டது.

"என்னடி, களத்துக்கு வேலிக்கம்பா நிக்கிறியா?" என்றாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு.

"சிரிங்கடி. பேரக் கூப்பிடுற வரைக்கும் நிப்பேன். அவரு தள்ளுனாரு, சீட்டு வாங்கிட்டாரு. நான் யாரத் தள்ளுனேன்?"

சீட்டு இல்லாவிட்டால் வேலைநீக்கம் இல்லை என்று துரை நினைக்கிறார். வேலைக்கு வந்தவளைத் திருப்பி அனுப்புவதும் வேலைநீக்கமே. மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 14

மழை. இன்றும் நின்றாள்.

ஆகஸ்ட் 20

"என்ன கிளாக்கரய்யா, யூனியனுக்குச் சந்தா கட்டிட்டீங்களாமே?" என்றார் செல்லசாமி, எல்லார் முன்னாலும். தோட்டம் வழக்கில் தோற்கக் கூடாது என்றுதான் பேசுகிறேன் என்றேன். உண்மை அதுதான். ஒருவரும் நம்பவில்லை. மனைவி பூரணி மட்டும் நம்பினாள், ஆனாலும் கேட்டாள்: "வேலாயி லயத்து வீட்டுலயாவது ஒட்டிக்கிட்டு இருக்கா. இந்தக் கோட்டர்ஸ விட்டா நமக்கு எதுங்க போக்கு?"

செப்டெம்பர் 29

வேலாயிக்காக யூனியனின் தோட்டக் கமிட்டி நியாயசபைக்குப் போய்விட்டது. விசாரணை அட்டன் நகரில். துரை அறைக் கதவைச் சாத்தினார். அவள் தானாகவே வேலையை விட்டாள் என்று நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"தினமும் களத்தில் நிற்கிறாள், சேர். இன்றும் நின்றாள்."

"நீ யாரோட ஆள்?"

நீ! இத்தனை வருஷத்தில் முதல் தடவை. என்ன சொல்றோம்னே தெரியாம, "தோட்டத்து ஆள், சேர்"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

அக்டோபர் 15

நாளை விசாரணை. நியாயசபையிலிருந்து எனக்கும் சாட்சி அழைப்பு வந்திருக்கிறது. தம் காரில் எனக்கு இடமில்லை என்று துரை ஆளிடம் சொல்லி அனுப்பினார். பூரணி பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். நானும் சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தேன்.

முதல் பஸ்ஸில் அட்டன் போவேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். மாயாண்டி தள்ளியதைக் கண்டேன் என்பேன். அவனுக்குக் கொடுத்த சீட்டு சரி என்பேன். வேலாயி ஒவ்வொரு காலையும் வேலை கேட்டு நின்றதையும் கண்டேன் என்பேன்.