திலகவதி டீச்சருக்குப் பதிலாக

நெய்வேலி, பிளாக் 18
நவம்பர் 3, திங்கள்

அன்புள்ள திலகா,

இங்கே நானும் உன் டியூஷன் பிள்ளைகள் ஏழு பேரும் சுகம். நீயும் சுகம், வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் போட்டால் பேசிவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படிக்கும்போதே என்னைத் திருத்தக் கூப்பிடுவாய். தொண்டையில் ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆகிறது. பதினான்காம் தேதி டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. தபாலில் வந்தால் நீ எதிர்த்துப் பேச வழியில்லை.

எட்டாம் தேதி பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தேர்வு, போய் வகுப்பை எடுங்கள் என்று நோட்டில் எழுதிக் காட்டி என்னை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து விரட்டினாயே, எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஷிப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். மைன்ஸிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டு, நாலரைக்கு ஹாலில் பாய் விரித்துவிடுகிறேன்.

மூன்று படங்களைப் பார்த்துக் கதை எழுதும் கேள்விதான் உனக்குக் கவலை. அதை என்னிடம் விட்டுவிடு. முப்பத்தொரு வருடமாக ஷிப்ட் லாக் புக் எழுதுகிறவன் நான், அதுவும் இங்கிலீஷில். எப்போது, எங்கே, என்ன நடந்தது, என்ன நடவடிக்கை எடுத்தோம். இந்த நாலு கேள்வி தெரிந்தால் எந்தப் படம் வந்தாலும் பிள்ளைகள் முழிக்க மாட்டார்கள். ஏழு பேரும் தேறிவிடுவார்கள். நீ கஞ்சியைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

இப்படிக்கு,
உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்
மருதாசலம்


நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள திலகா,

தேர்வு நேற்று நல்லபடியாக முடிந்தது. ஆனால் நடுவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் நீ வந்ததும் ஜான் பீவி சொல்லிவிடுவார்.

மந்தாரக்குப்பத்தில் துணிக்கடையைப் பூட்டிவிட்டு, புதன்கிழமை மகள் ஷப்னத்தை அழைத்துப்போக வந்தவர் அவள் நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். சந்தையில் நாய்க்குட்டியைத் தொலைத்த பையனின் கதை. ஷப்னம் எழுதியிருந்தது இதுதான்: 16.10 மணிக்கு நாய்க்குட்டி காணப்படவில்லை. தேடுதல் நடத்தப்பட்டது. 16.40 மணிக்குக் கிடைத்தது. உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிழையே இல்லாத இங்கிலீஷ். "டீச்சர் இருந்தப்ப புள்ள கதை எழுதிக்கினு இருந்துச்சுங்க சார். இப்ப போலீசுக்கு கம்ப்ளெயின்ட் எழுதிக்கினு இருக்குது" என்றார் ஜான் பீவி. மற்ற நோட்டுகளையும் பார்த்தேன். எல்லாம் அதே லட்சணம். அஸ்வின் கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. உன் பாடக் குறிப்பை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம், கதையில் வருகிறவர்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாய். லாக் புக்கில் அதற்கு இடமே கிடையாது. கன்வேயர் பெல்ட் அறுந்து என் தலைக்கு மேல் போன அன்றுகூட, நான் பயந்தேன் என்று எழுதியதில்லை.

வியாழக்கிழமை போர்டில் நானே ஒரு கதை எழுதிக் காட்டினேன். ஓர் ஆள் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டரை மணி நேரம் ஆகிறது. கதவு திறக்கிறது. மனைவி நலம் என்கிறார்கள். எழுதிவிட்டுத் திரும்பினால் ஷப்னம் கையைத் தூக்கினாள். அந்த ஆளுக்கு எப்படி இருந்துச்சுங்க சார் என்று கேட்டாள். நான் மறுபடி போர்டுப் பக்கம் திரும்பினேன். அவனுக்குப் பயமாக இருந்தது என்று எழுதினேன். எதனால பயம்னும் எழுதணும் சார், டீச்சர் விட மாட்டாங்க என்றாள் ஹரிணி. மனைவியின் குரலை இனிக் கேட்கவே முடியாதோ என்று அவன் பயந்தான் என்று சேர்த்தேன். அப்புறம் ஏழு பேரும் குனிந்து நாய்க்குட்டிக் கதையை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்கள்.

நேற்றுத் தேர்வில், பஸ்ஸை விட்டுவிட்டு மழையில் நிற்கும் ஒரு பெண்ணின் படங்கள் வந்தனவாம். அவள் எப்படி அழுதாள், குடை கிடைத்ததும் எப்படிச் சிரித்தாள் என்று வெளியே வந்து ஆளாளுக்குச் சொன்னார்கள். அஸ்வின் மட்டும், சேஃப்டிக்கு மணி எத்தனைன்னும் போட்டுட்டேன் சார் என்றான். ரிசல்ட் அடுத்த மாதம்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

டாக்டர் பார்க்கும் வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். முதல் நாளே வேலூர் வந்துவிடுவேன். டாக்டர் பேசச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், திலகா. அதுவரை அவசரப்பட்டு யாரிடமும் பேசிவிடாதே. குரல் கரகரத்தாலும் சரி, காற்றாகத்தான் வந்தாலும் சரி, மருதமலை முருகன் கொடுப்பதை நாம் வாங்கிக்கொள்வோம். முதல் பேச்சே என்னைத் திட்டுவதாக இருந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

என்றும் உன்,
மருதாசலம்