எரியாமல் விட்ட கிராமம்

மார்ச் 9, ஞாயிறு. கரமனை.

அக்காவுக்குக் குழந்தை இல்லை என்று, பதினோராம் நாள் பெயர் வைத்த கையோடு, நான் பெற்ற மீராவை அவள் மடியில் போட்டேன். இப்போது பத்தொன்பது வயது. என்னைச் சித்தி என்கிறாள். உண்மையை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

இன்று மாலை வந்தவள், வழக்கம்போல தான் விளையாடும் கேமைப் பற்றியே பேசினாள். அதில் முகமூடி போட்ட ஒரு ராணி நாடு முழுவதையும் எரிக்கிறாள். ஒரு கிராமத்தை மட்டும் விட்டுவிடுகிறாள். அந்த ராணி யார் பெற்ற பெண் என்று கேம் சொல்வதில்லை. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள்.

"அவளைப் பெத்து இன்னொருத்திக்குக் குடுத்தவ அந்த கிராமத்துல இருக்காளாக்கும். இதான் என் தியரி."

"பாசம் விடலை போல," என்றேன்.

"பாசமா! போ சித்தி. எல்லாத்தையும் எரிச்சுட்டுக் கடைசியா அங்க வருவா. அதுவரைக்கும் பெத்தவ பயந்துண்டே இருக்கட்டும்னுதான்."

அடையைப் பிட்டுக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். கெஞ்சி வாங்கிக்கொண்ட அக்கா அம்மாவாகிவிட்டாள். பழி மட்டும் எனக்கு மிச்சம்.

செருப்பை மாட்டிக்கொண்டு எப்போதும் "வரேன் சித்தி" என்பாள். இன்று "வரேன்" என்று மட்டும் சொன்னாள்.