சுடற பாறையை முதல்ல தொட்டவன்

மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.
ஞாயித்துக்கிழமை, கோயில் விட்டு வந்து

கண்ணு கரோலினுக்கு,

ஆண்டவர் கிருபையால உங்கம்மா பியாட்ரிஸ் சுகமா இருக்கறா. எடின்பரோ குளிர்ல நீயும் மாப்பிள்ளை ஆஷ்லியும் சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபம் பண்றோம். என் சுகத்தப் பத்தி மட்டும் பொய் எழுத மாட்டேன், வயிறெரிஞ்சிகினு இருக்கறேன். போன வாரம் போன்ல நீ, அப்பா, டாக்டர் உங்கள ஏரோபிளேன் ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, ஆஷ்லிக்கு விசா வேலை முடியாம நாங்களும் அங்க வர முடியாது, அதனால கல்யாணத்தன்னிக்கு என் ப்ரொஃபசர் டக்ளஸ் என் கையப் புடிச்சி கோயிலுக்குள்ள கூட்டிகினு நடக்கட்டுமாப்பான்னு கேட்டியே, அதுக்கு உன் இஷ்டம்மான்னு சொல்லிட்டு வெச்சிட்டேன். அது வாயி சொன்னது, மனசு சொல்லல. போன்ல பேசுனா நாலு வார்த்தைக்கு ஒருவாட்டி இருமல் வந்து கோவத்தயே கெடுத்துடுது, அதான் உக்காந்து எழுதறேன்.

இங்க மூணு நாளா மழை, சமையல் ரூம் ஷீட்டு ரெண்டு எடத்துல ஒழுவுது, உங்கம்மா குண்டான் வெச்சிகினு சுத்தறா. எதிர்வூட்டு ஜூடித், தினமும் ட்ரெயின்ல பெங்களூருக்கு வேலைக்குப் போறாளே, அவதான் நீ மேடையில பேசுன வீடியோவ போன்ல போட்டு, நிறுத்தி நிறுத்தி தமிழ்ல சொன்னா. ஒரு கிரகத்துல உசுரு தழைக்கணும்னா தண்ணியும் காத்தும் மட்டும் போதாது, உள்ளுக்குள்ள சூடு வேணும், அந்தச் சூட்டுல இரும்புக் கொழம்பு சுத்திகினே இருக்கணும், அதுலருந்து பொறக்கற காந்த சக்திதான் சூரியன்லருந்து அடிக்கற காத்து நம்ம காத்தயும் தண்ணியயும் வாரிகினு போவாம பெரிய காவலா நிக்குதுன்னு சொன்ன. எனக்கு நெஞ்சு நெறஞ்சி போச்சி. அப்பால சொன்ன பாரு ஒண்ணு, பூமிக்குள்ள சூடு இருக்குதுன்னு எனக்கு மொதல்ல உணர்த்துனது என் ப்ரொஃபசர், ஐஸ்லாண்டுல ஒரு பாறை மேல என் கைய வெச்சிக் காட்டுனாருன்னு. சுத்தி ஒக்காந்திருந்த சனமெல்லாம் கைதட்டுது. எனக்கு டீ உள்ள எறங்கல.

இன்னாம்மா இது? இருவத்தியொரு வருசம் தங்கச் சுரங்கத்துக்குள்ள கேஜ்ல, அந்த இரும்புக் கூண்டு லிப்டுல எறங்கி அந்தப் பாறைக்குப் பக்கத்துல நின்னவன் நானு. அடி லெவல்ல வெறுங்கைய வெச்சா தோலு பொசுங்கும். குடிக்கத் தண்ணி பேத்தமங்களா ஏரியிலருந்து வரணும், மூச்சு விடற காத்த மேலருந்து குளுர வெச்சி அனுப்பணும், ரெண்டுல ஒண்ணு நின்னாலும் மேல ஓடியாரணும். உசுரு இருக்க இன்னா வேணும்னு எனக்கா தெரியாது? ஆனா நீ சின்னப் பொண்ணா, அப்பா உங்க சட்டை ஏன் புழிஞ்சா ஊத்துதுன்னு கேட்டப்பல்லாம், கீழ கொழாய தொறந்து உட்டு வெளாடுவோம் கண்ணுன்னு சொன்னவனும் நான்தான். நீ ஸ்கூல்ல போயி எங்கப்பா வேலை செய்யற எடத்துல ஆறு ஓடுதுன்னு சொல்லிட்டு வந்த. சுடுதுன்னு சொன்னா புள்ள பயந்துக்கும், ஷிப்டுக்குப் போவும்போது காலக் கட்டிகினு அழும்னு நெனச்சேன். ஷிப்டு போற எல்லா அப்பனும் இந்தப் பொய்யத்தான் சொன்னோம். நான் மறைச்சி வெச்சத அந்த மனுசன் ஒரே நாள்ல காட்டிட்டாரு. அவர் மேல தப்பு இல்ல, தெரியும். தெரிஞ்சும் ஆறல. அவருக்கு இன்னா, ஒருநாள் தொட்டாரு, போட்டோ எடுத்துகினாரு, பேரு வாங்கிகினாரு. உன்ன சைக்கிள் பார்ல உக்கார வெச்சி ஸ்கூலுக்கு மிதிச்சது டக்ளஸா? இப்ப உன் கையும் அவருக்கா?

இந்த வயித்தெரிச்சல்ல ஒரு காரியம் பண்ணேன், அம்மாவத் திட்டாத. இன்னிக்கு ஆராதனை முடிஞ்சி எல்லாரும் போனப்பறம் அவ கைய என் கையில கோத்துகினு, கோயில் வாசல்லருந்து முன்னாடி பலிபீடம் இருக்கற ஆல்டர் வரைக்கும் நடந்து பாத்தேன். நடந்துட்டா டாக்டர் கால்ல உழுந்தாவது ஏரோபிளேன் ஏறிடலாம்னு ஒரு நெனப்பு. அவ கல்யாண மார்ச்ச வாயாலயே முணுமுணுத்துகினு வந்தா. பாதி கூட தாண்டல, பெஞ்சப் புடிச்சிகினு உக்காந்துட்டேன். கீழ முழுங்குன தூசியெல்லாம் நெஞ்சுல கல்லாட்டம் கெடக்குது. உங்கம்மா முணுமுணுக்கறத நிறுத்திட்டு முதுகத் தடவுனா. அப்பால அவ தோளப் புடிச்சிகினு வூட்டுக்கு வந்துட்டேன்.

அதனால கண்ணு, டக்ளஸே நடக்கட்டும். மெதுவா நடக்கச் சொல்லு, உன் பாவாடைய மிதிச்சிடப் போறாரு. ஆனா ஆல்டர்கிட்ட போனப்பறம், இந்தப் பொண்ணக் குடுக்கறது யாருன்னு பாதிரி ஐயர் கேப்பாரு இல்ல, அப்ப அந்தாளு வாயத் தொறக்கக் கூடாது. இத நீயே அவர்கிட்ட இப்பவே சொல்லிடு, ஐயர்கிட்டயும் சொல்லிடு. ஆஷ்லிய போன எடுத்து என் மொகம் தெரியற மாதிரி தூக்கிப் புடிக்கச் சொல்லு. அங்க மத்தியானம் ரெண்டு மணின்னா இங்க ஆறரை. நான் கோட்டு போட்டுகினு நிப்பேன், உக்கார மாட்டேன். நடக்கத்தான் மூச்சு பத்தல, நான்தான் குடுக்கறேன்னு சொல்ல இருக்குது.

கர்த்தர் உங்க ரெண்டு பேரையும் ஆசீர்வதிச்சி, உங்க வூட்டுல எந்நேரமும் சிரிப்பு இருக்கும்படி செய்வாராக. நேரத்துக்கு சாப்புடு, காதுக்குத் துணி கட்டாம வெளிய போவாத. அன்னிக்கு காலையிலயே போனுக்கு சார்ஜ் போட்டு வெக்க மறக்காத, சத்தத்த முழுசா வெச்சிடு.

இப்படிக்கு,
உன்னக் குடுக்கறவன்,
அப்பா ஹரோல்ட்