ஒரு முறை கேட்டால் போதாது

சூசோ,
2 அக்டோபர் 2005

என் அம்மாவுக்கு,

போனில் உன் காது உதவுவதில்லை. நான் கத்திப் பேசினாலோ, கீழ்வீட்டு ஷென் அத்தை "யாரோட சண்டை?" என்று மேலே ஓடி வந்துவிடுகிறார். ஆகவே கடிதம்தான்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெத்தேரியின் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிவிட்டார்கள். காகித இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் மூட்டை கட்டலாம் என்றுதான் சீனாவுக்கு வந்தோம். இப்போது அதே ஆலையில் இன்னொன்று நிறுவுகிறார்களாம். உன் மருமகனுக்கு வாயெல்லாம் பல்.

நேற்று விடுமுறை. பழைய தோட்டம் ஒன்றுக்குப் போனோம். ஊரே அங்கேதான் இருந்தது. ஹில்லாவின் வெளிர் பொன்னிற முடியைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவளும் ஏழு வயதுக்குள் பெரிய நடிகையைப் போல முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாள். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அவள் கணுக்காலைத் தொட்டுப் பார்த்து, "சாக்ஸ் இல்லாமலா கூட்டிட்டு வந்தே? நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். நல்ல வெயில், அம்மா! நம் ஊரில் அந்த வெயிலுக்கு ஏரியில் குதித்திருப்போம்.

குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடேன். பிடித்துப்போனால் எங்களோடேயே இருந்துவிடலாம். உனக்கென்று ஓர் அறை சும்மா கிடக்கிறது.

அன்புடன்,
ரீக்கா


வல்கேயகோஸ்கி,
15 அக்டோபர் 2005

அன்பு ரீக்கா,

வேண்டாம். நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன்.

இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம். வேலை இருக்கும் இடத்தில்தான் மனிதன் இருக்க வேண்டும். உன் அப்பாவும் இருந்தவரை அப்படித்தான் சொல்வார்.

காளான் இந்த வருஷம் குறைவு. சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டினேன். ஓர் ஆளுக்காக அவ்வளவு விறகு எரிப்பது ஊதாரித்தனம். இனி மாதம் ஒருமுறை போதும் என்று நினைக்கிறேன்.

ஹில்லாவுக்குச் சாக்ஸ் பின்னி அனுப்புகிறேன். அந்தப் பெண்மணி சொன்னதில் தப்பில்லை.

அம்மா


சூசோ,
7 நவம்பர் 2005

அம்மா,

நீ வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் வற்புறுத்தப் போவதில்லை. என்னை நீ அப்படி வளர்க்கவில்லை.

நேற்று ஏரிக்கு நண்டு சாப்பிடப் போனோம். இங்கே இது நண்டுக் காலம். நண்டைத் தவிர வேறு பேச்சே கிடையாது. டிரைவருக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் பெத்தேரியே கார் ஓட்டினார். வழி தவறி ஒரு வாத்துப் பண்ணைக்குள் போய் நின்றோம். வாத்துகள் நகரவில்லை, உன் மருமகனும் ஹாரன் அடிக்கவில்லை. நாங்கள் நண்டைக் கண்ணால் பார்க்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

ஷென் அத்தையையும் கூப்பிட்டிருந்தேன். "ஐயோ, வேண்டாம் வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பாவம், ஞாயிறு காலை நாங்கள் புறப்படும்போது புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஜாடியோடு வாசல் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸுக்குப் போலிருக்கிறது. எல்லோருமாகக் கையசைத்துவிட்டுப் போனோம். அவர் கையசைக்கவில்லை. கவனிக்கவில்லையோ என்னவோ.

ரீக்கா


வல்கேயகோஸ்கி,
20 நவம்பர் 2005

அன்பு ரீக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

புதுக் கோட்டு போட்டுக்கொண்டு யாரும் பஸ்ஸுக்கு நிற்க மாட்டார்கள். ஜாடியில் என்ன இருந்தது என்று கேட்டாயா?

முதல் பனி விழுந்துவிட்டது. முதுகு வலிக்கிறது, ஆனாலும் வாசலை நானே சுத்தம் செய்துவிட்டேன். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இருட்டினால் என்ன, விளக்கு இருக்கிறதே.

அம்மா


சூசோ,
4 டிசம்பர் 2005

என் அம்மாவுக்கு,

நீ அங்கிருந்தே கண்டுபிடித்ததை இங்கே இருக்கும் நான் கோட்டை விட்டிருக்கிறேன்.

ஏரிக்குப் போய் வந்ததிலிருந்து ஷென் அத்தை மாடிக்கு வருவதே இல்லை. முன்பெல்லாம் இறைச்சிக் கொழுக்கட்டை செய்தால் முதல் தட்டு ஹில்லாவுக்குத்தான். உன் கடிதம் வந்த அன்றே கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். என் சீன மொழி உனக்குத் தெரியாது. பாதி வாய், பாதி கை.

"எங்க மேல கோபமா, அத்தை?" என்றேன்.

"கோபமா? எனக்கென்ன கோபம்! பேச்சுக்குக் கூப்பிட்டவங்க மேல யாராவது கோபப்படுவாங்களா?"

"பேச்சுக்கு இல்லையே. நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

"பின்னே? கூப்பிட்ட உடனே வர்றேன்னு குதிக்க நான் என்ன சோத்துக்குச் செத்தவளா? நான் வேண்டாம்பேன், நீ வாங்கம்பே. மறுபடி வேண்டாம்பேன், நீ கையைப் பிடிச்சு இழுப்பே. அதுக்கப்புறம்தான் வருவேன். அதுதானே மரியாதை? நீ என்னடான்னா ஒரே தடவை கேட்டுட்டுப் படியேறிப் போயிட்டே! ஒருவேளை கிளம்பும்போதாவது கூப்பிடுவியோன்னு கேட்டுல நின்னா, டாட்டா காட்டிட்டுப் போறீங்க, குடும்பத்தோட!"

ஜாடியில் இருந்தது இஞ்சி போட்ட வினிகராம், அம்மா. நண்டுக்குத் தொட்டுக்கொள்ள. கடைக்காரன் கொடுப்பது நன்றாக இருக்காது என்று எங்கள் எல்லோருக்குமாக முந்தின நாளே தயார் செய்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு எல்லாத்தையும் சொல்லித்தான் தரணும் போல" என்று என்னை உட்கார வைத்து நூடுல்ஸ் போட்டார். நான் வேண்டாம் என்றேன். அது காதிலேயே விழாத மாதிரி கிண்ணத்தை நிரப்பினார்.

மறுபடி ஏரிக்குப் போனோம். இந்த முறை கையைப் பிடித்து இழுத்தேன். கார் கதவு வரைக்கும் "வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வந்ததிலிருந்து உன் அக்டோபர் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா, இங்கே வாயேன்.

ரீக்கா


வல்கேயகோஸ்கி,
19 டிசம்பர் 2005

அன்பு ரீக்கா,

எனக்குத்தான் காது கேட்காது என்று நினைத்தேன். உனக்குமா? வேண்டாம் என்று ஏற்கெனவே எழுதிவிட்டேனே.

வீட்டை யார் சூடாக வைத்திருப்பது? குழாய் உறைந்து வெடித்தால் யார் பொறுப்பு? பூனையை எங்கே விடுவது? பக்கத்து வீட்டு ரைமோ பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான், ஆனால் அவன் கண்டதையும் ஊட்டிப் பூனையைக் கெடுத்துவிடுவான். எனக்கு அந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. உங்களுக்குத்தான் பாரம்.

கிறிஸ்துமஸுக்குக் கேரட் பணியாரமும் கிழங்குப் பணியாரமும் அடுப்பில் வைத்தேன். வழக்கமான அளவில்தான் கை போகிறது. மீதியை ரைமோவுக்குக் கொடுத்தேன்.

ஹில்லாவின் சாக்ஸ் இதோடு வருகிறது.

அம்மா


சூசோ,
3 ஜனவரி 2006

அம்மா,

ரைமோவிடம் பூனையைப் பற்றி நீ பேசியிருக்கிறாய். வர விருப்பமில்லாதவள் எதற்குப் பேசப் போகிறாள்?

நீ பாரம் இல்லை. எனக்கு நீ வேண்டும். இதை நான் எழுதியதே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

வா, அம்மா. மூன்றாம் முறை கேட்கிறேன். கையைப் பிடித்து இழுக்க முடியாத தூரம், அதனால்தான் வெறும் எழுத்து.

ரீக்கா


வல்கேயகோஸ்கி,
18 ஜனவரி 2006

என் ரீக்கா,

வருகிறேன்.

பூனை ரைமோவிடம். குழாயில் தண்ணீரை வடித்துவிடுவான். பிப்ரவரி முதல் வாரத்தில் விமானம். நேரத்தைப் பெத்தேரிக்குத் தனியாகத் தெரிவிக்க ரைமோவிடம் சொல்லியிருக்கிறேன். ஷென் அம்மாளுக்கு என்ன கொண்டுவரலாம் என்று எழுது. அவர் வேண்டாம் என்று சொன்னாலும் கொடுப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. சீனாவுக்குப் போவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் நீ இந்தச் சமையலறையில் வந்து நின்றாய். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, நாங்க போகட்டுமா?" என்றாய். "தாராளமாப் போங்க" என்றேன். என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, பெத்தேரியிடம் சொல்ல ஓடிவிட்டாய். நீ திரும்பி வந்து இன்னொரு தரம் கேட்பாய் என்று நான் உரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பானை நிறைய உரித்துவிட்டேன்.

உன்மேல் தப்பில்லை. நம் ஊரில் ஒரு முறைதான் கேட்போம், சொன்னதை நம்புவோம். நானும் உன் அப்பாவும் அப்படித்தான் வாழ்ந்தோம். ஆனால் அன்று நீ இன்னொரு முறை கேட்டிருந்தால், போகாதே என்று சொல்லியிருப்பேன்.

சொல்லாததும் நல்லதுதான். ஹில்லா சந்தோஷமாக இருக்கிறாள்.

வசந்தம் வந்ததும், "ஊருக்குப் போறியாம்மா?" என்று நீ கேட்பாய். போகிறேன் என்றுதான் சொல்வேன். உடனே டிக்கெட் எடுத்துவிடாதே.

அம்மா