எங்கள் வீட்டு மூணு ஓட்டு

மார்ச் 2, திங்கள்

வாக்காளர் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து வந்ததும் சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்பா உடனே போனை எடுத்தார். "ஐயா, எங்க வீட்டுல இப்ப மூணு ஓட்டு."

ஐயா என்றால் அப்பாவின் முதலாளி, எங்கள் வட்டத்து நகரமன்ற உறுப்பினர். மறுபடியும் நிற்கிறார். அவர் காரை அப்பா ஓட்டுகிறார். எங்கள் ஓட்டையும் அவரே ஓட்டுவார் போல!

மார்ச் 5, வியாழன்

உங்கள் உறுப்பினர் ஐந்து வருடத்தில் என்ன செய்தார், பதிவேட்டைப் பார்த்து எழுதி வாருங்கள் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் மூன்று தடவை "எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தந்தார்.

மொத்தம் நாற்பத்திரண்டு கூட்டம். ஐயாவின் கையெழுத்து பதினொன்றில். எங்கள் தெருக் குடிநீர்க் குழாய்க்கு நேரே 'பணி முடிந்தது' என்று இருக்கிறது. முடிந்ததாம்! இன்று காலையில்கூட அம்மா தெருமுனை லாரியில் தண்ணீர் பிடித்து, குடத்தோடு மூன்று மாடி ஏறினாள். முடிந்துபோனது அவள் முட்டிதான்.

பார்வையாளர் பதிவேட்டையும் புரட்டினேன். நாற்பத்திரண்டு நாளும் ஒரே கையெழுத்து. தபால் கொடுத்து ஓய்வு பெற்ற போஸ்டம்மா. அவரும் இந்தத் தடவை நிற்கிறார், கட்சி கிட்சி இல்லாமல். தெருவே சிரிக்கிறது. நானும் போன வாரம் சிரித்தவள்தான்.

மார்ச் 6, வெள்ளி

அப்பாவிடம் சொல்லலாமா? சொல்லி, அது அப்பா வேலைக்கு உலை வைத்துவிட்டால்?

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். அப்பா கோபப்படவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"தெரியும்மா. குழாய் தொறக்கிற மாதிரி போட்டோ எடுத்தாங்களே, அன்னிக்கு வண்டி ஓட்டிட்டுப் போனதே நான்தான்."

அப்புறம் ஏம்ப்பா என்றேன். இந்த வயதில் வேறு யார் தனக்கு ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள் என்று கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "ஐயாவுக்குத்தான் போடுவேன்னு சொல்லு."

சொன்னேன். அடுக்களை வாசலில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு முடி எவ்வளவு கொட்டிப்போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சே... என்னத்துக்குடி இவ்வளவு படிச்சே? வாயத் தொறக்க முடியாம நிக்கிறதுக்கா? என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

தெரியாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 14, சனி

நன்றாக எழுதியிருக்கிறாய், வகுப்பில் வாசி என்றார் பேராசிரியை. தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன். இங்கே பேசுவது எந்தக் காது வழியாக ஐயாவிடம் போகுமோ. வீட்டில் சத்தியம், வகுப்பில் பயம்.

மார்ச் 22, ஞாயிறு

ஐயாவின் காரிலேயே எங்களை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனார் அப்பா. அவர் முதலில் போட்டார், அடுத்து அம்மா, அப்புறம் நான்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் போனேன். இந்த மூன்று வாரத்தில் என்னை யாரும் பார்க்காத இடம் அதுதான். அப்பாவின் தலை ஞாபகம் வந்தது. அம்மாவின் முட்டியும் வந்தது. அழுத்திவிட்டேன்.

திரும்பி வரும்போது அப்பா இரண்டு தடவை தும்மினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்றும் ஆகாது. ஆகக் கூடாது.

மார்ச் 25, புதன்

ஐயா ஜெயித்துவிட்டார். சாவடிவாரியாக ஒட்டியிருந்தார்கள். எங்கள் சாவடியில் அவருக்கு அறுநூற்றுப் பதினொன்று. போஸ்டம்மாவுக்கு மூன்று; அவருடைய சொந்த ஓட்டு வேறு சாவடியில்.

சாப்பிடும்போது அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "அந்த மூணு பேர் யாருன்னு ஐயா கேக்கறாரு. கண்டுபிடிக்கிற வேலைய என்கிட்டதான் குடுத்திருக்காரு."

ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்தேன். அவள் தட்டைவிட்டு நிமிரவில்லை. அப்படியானால் இரண்டு. அப்பாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அன்றைக்குப் போனில் 'மூணு ஓட்டு' என்று அவர் சொன்னது ஐயாவுக்கு ஞாபகம் இருக்குமோ?

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"தேடறேன்னு சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்தார். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, அவரே படி இறங்கிப் போனார்.